மாடு ரோட்டில், கார் பள்ளத்தில்

புதன்கிழமை வாரப் பத்திரிகை வந்தால் எங்கள் ஊரில் யாரும் முதல் பக்கத்தை முதலில் படிப்பதில்லை. பள்ளிக்கூட போர்டின் தீர்மானமும் சோளத்தின் விலையும் காத்திருக்கும். நேரே உள்பக்கம் புரட்டி ஷெரிஃப் அலுவலகத்தின் வாரக் குறிப்பைத்தான் பார்ப்பார்கள். நெடுஞ்சாலையில் இரண்டு கறுப்பு மாடுகள், சொந்தக்காரருக்குச் சொல்லியாயிற்று. சந்தேகப்படும்படி ஒரு கார், ஓட்டிவந்தவர் போன் பேச ஓரங்கட்டியிருந்தார். மான் குறுக்கே வந்து கார் பள்ளத்தில் இறங்கியது, ஆளுக்குக் காயமில்லை, செத்த மானை ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். இப்படி இரண்டு பத்தி நிறைய இருக்கும். என் நோயாளிகளில் சிலர் அந்தப் பக்கத்தைக் கையோடு மடித்து எடுத்து வருவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றும்போதே, "டாக், இந்த வாரம் பாத்தீங்களா? அந்த மாடு யாரோடதுன்னு தெரியுமா?" என்பார்கள்.

நான் கோவில்பட்டிக்காரி. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்து, சிகாகோவில் பயிற்சி முடித்து, 2017இல் அயோவா மாநிலத்தின் வடமேற்கில் ஒரு கவுண்டி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆசைப்பட்டுப் போனேன் என்று சொன்னால் பொய். பயிற்சிக்காக ஜே-1 விசாவில் வரும் வெளிநாட்டு டாக்டர்கள் அது முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்கச் சம்மதித்தால் விலக்கு உண்டு. மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் என்று கணக்கு. சோளக்காட்டு நடுவே இருக்கிற ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையில் ஒரு ரெட்டியோ ஒரு சுப்பிரமணியனோ தென்பட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அயோவாவில் 99 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. நிறைய கவுண்டிகள் 24 மைலுக்கு 24 மைல் என்று அடிக்கோல் வைத்துக் கோடு போட்டவை. ஒரு மைலுக்கு ஒரு சரளைக்கல் ரோடு; இரண்டு பக்கமும் சோளம், சோயா; இடையில் நீளநீளமான பன்றிக் கொட்டகைகள். மாநிலத்தில் மனிதர்கள் 32 லட்சம், பன்றிகள் 2 கோடிக்கு மேல். எங்கள் கவுண்டியில் பத்தாயிரம் பேருக்கும் குறைவு. 25 படுக்கை ஆஸ்பத்திரி, ஒரு நீதிமன்றம், அதன் பின்னால் சின்னதாக ஒரு ஜெயில், ஜெயிலை ஒட்டியே அவசர உதவிக்கான 911 அழைப்புகளை எடுக்கும் அறை. நடுராத்திரிக்கு மேல் அத்தனை பரப்புக்கும் ரோந்தில் இருப்பவர் ஷெரிஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரே ஒரு டெபுடி. வடகோடியில் அடிதடி நடக்கும்போது அவர் தென்கோடியில் மாடு விரட்டிக்கொண்டிருந்தால் வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அவருக்குத் துணை வர இன்னொரு அரை மணி. அந்த அலுவலகத்தின் குணத்தை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது என்பது எனக்குப் போகப் போகப் புரிந்தது. இருட்டில் தனியாகப் போய் நிற்கிறவனுக்கு ஊர்க்காரர்களின் தயவு வேண்டும். அதற்கு அவர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், நாய் கடிக்குமா கடிக்காதா என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் எஸ்.பி. மாற்றலில் வருவார், மாற்றலில் போவார். சென்னைக்கும் ஒரு காலத்தில் ஷெரிஃப் இருந்தார். பிரமுகர்களை வரவேற்பதும் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவதும்தான் வேலை, 1990களின் இறுதியில் அந்தப் பதவியே போய்விட்டது. அயோவாவின் ஷெரிஃப் கட்சி சார்பில் நின்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்பவர். ஜெயில் அவர் பொறுப்பு, கோர்ட் நோட்டீஸ் கொடுப்பது அவர் பொறுப்பு, கடன் கட்டாத வீட்டை ஏலம் விடுவதும் அவர் பொறுப்பு. இன்று யார் வீட்டுக் கதவைத் தட்டி நோட்டீஸ் நீட்டுகிறாரோ அவரிடமே நவம்பரில் கைகுலுக்கிச் சிரிக்க வேண்டும்.

இந்த இக்கட்டு அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1933 ஏப்ரலில், பக்கத்து லே மார்ஸ் ஊரில், நிலங்களை ஜப்தி செய்யும் உத்தரவுகளை நிறுத்த மறுத்த நீதிபதி சார்லஸ் பிராட்லியை விவசாயிகள் கோர்ட்டுக்குள்ளிருந்தே இழுத்துப் போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். உயிர் தப்பினார். கவர்னர் தேசியக் காவல் படையை அனுப்பினார். அதே கதை 1980களில் மறுபடி வந்தது. வட்டி ஏறி, நிலத்தின் விலை சரிந்து, குடும்பம் குடும்பமாகப் பண்ணையை இழந்தார்கள். கோர்ட் வாசல் புல்தரையில் வெள்ளைச் சிலுவைகளை நட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் டெபுடியாக இருந்த ஒரு கிழவர் எனக்கு நோயாளி. மூச்சுத் திணறலுக்கு மருந்து வாங்க வருவார். ஏல நோட்டீஸ் கொடுக்கப் போகும்போது ரோந்து வண்டியை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பிக்கப்பில், சீருடை இல்லாமல் போவாராம். "பக்கத்துப் பண்ணைக்காரன் பாத்தா, ஏதோ விதை வாங்க வந்தேன்னு நெனைச்சுக்கட்டும்னுதான்." சட்டத்தில் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, செய்யக் கூடாது என்றும் சொல்லவில்லை.

இன்னொரு நோயாளி, பழைய ஷெரிஃப் ஒருவரின் மனைவி. அப்போதெல்லாம் ஜெயிலோடு ஒட்டியே ஷெரிஃபின் வீடு. கைதிகளுக்குச் சமையல் மனைவியின் வேலை. கவுன்சில் பிளஃப்ஸில் 1885இல் கட்டிய, அறைகள் ராட்டினமாகச் சுழலும் ஜெயில்கூட 1969 வரை புழக்கத்தில் இருந்த மாநிலம் அது. பழைய ஏற்பாடுகள் அங்கே நிதானமாகத்தான் சாகும். குடித்துவிட்டு வெள்ளிக்கிழமை உள்ளே வருகிறவனுக்குச் சனிக்கிழமை காலை முட்டையும் பன்றி இறைச்சியும் போட்டுத் தட்டை நீட்டும்போது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எந்த வரிசையில் உட்காரப்போகிறான் என்பதும் அந்தம்மாளுக்குத் தெரியும். "அது கைதிக்குத்தான் பெரிய தண்டனை," என்று சிரிப்பார்.

அந்தம்மாளின் சமையலறை மேடையில் போலீஸ் ஸ்கேனர் ஒன்று நாள் முழுக்கக் கரகரத்துக்கொண்டிருக்கும். வயதானவர்கள் வீட்டில் அது ரேடியோவுக்கும் மேல். யார் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போகிறது, எந்த முனையில் விபத்து, எல்லாம் முதலில் அவர்கள் காதுக்குத்தான். நோயாளியைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று 1996இல் வந்த ஹிப்பா சட்டம் என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. நான் எமர்ஜென்சியில் ஒருவருக்கு இசிஜி எடுத்து முடிப்பதற்குள் ஊரில் மூன்று வீட்டில் அவருக்காகப் பிரார்த்தனை தொடங்கியிருக்கும்.

2019 ஜனவரி கடைசியில் துருவக் குளிர் இறங்கியது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மைனஸ் 50 ஃபாரன்ஹீட்டை நெருங்கிய நாட்கள். எந்தப் பருவத்திலும் நிற்காது என்று பேர் வாங்கிய அமெரிக்கத் தபால்துறையே 30ஆம் தேதி அயோவாவில் பட்டுவாடாவை நிறுத்தியது. எனக்குப் பிள்ளை பிறந்து சில மாதம். என் கணவருக்கு டி மாயின் நகரத்தில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். ஒத்தாசைக்குக் கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தாள். விடிவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன்: ராத்திரி டாக்டர் தொடர்ந்து இரண்டாம் நாளாக நிற்கிறார், மாற்ற ஆள் இல்லை. என் கார் முனகக்கூட இல்லை. 911 அறைக்குச் சொல்லிவிட்டு, அடுக்கடுக்காகத் துணி மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்த அம்மா அலறிவிட்டாள்.

"ஏட்டி, வாசல்ல போலீஸ் வண்டி நிக்கி! என்னட்டி பண்ணி வச்ச?"

"ஒண்ணும் பண்ணலம்மா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க."

"டாக்டர கூட்டிட்டுப் போக எதுக்கு போலீசு? பின்னால கம்பிக்குள்ள ஒரு பொம்பளப்புள்ள உக்காந்திருக்காளே, அவ என்ன பண்ணுனா?"

கம்பிக்குள் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பிரசவ வார்டு நர்ஸ். பின் சீட்டில் கைதிகளுக்கான தடுப்பு இருக்கும், உள்ளிருந்து கதவைத் திறக்கவும் முடியாது. அவரை வழியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்தவர் நெட்டையான இளம் டெபுடி. கதவுக்கு வெளியே பூட்ஸைத் தட்டிப் பனியை உதறிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு, அம்மாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். சீருடையில் ஓர் ஆள் தன்னிடம் அனுமதி கேட்டது அம்மாவின் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். விறுவிறுவென்று உள்ளே போய்க் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். கடலை ஒவ்வாமை உண்டா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் ஒன்றை வாயில் போட்டுவிட்டார். இரண்டாவதை நின்றபடி தின்றார். மூன்றாவது கோட்டுப் பையில் போனது.

வழியில் முந்தின ராத்திரி வேலையைச் சொல்லிக்கொண்டு வந்தார். குற்றம் ஒன்றுமில்லை, அந்தக் குளிரில் திருடனுக்கும் விறைக்கும். தனியாக இருக்கும் கிழவர் கிழவிகளின் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் உண்டு. 911 அறைப் பெண் ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். எடுக்காதவர் வீட்டுக்கு இவர் போய்க் கதவைத் தட்டுவார். ஒரு வீட்டில் ஹீட்டர் நின்றுபோய், பாட்டி அடுப்பின் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாராம். பாட்டியையும் பூனையையும் தூக்கிக்கொண்டு மகள் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வீடு. மக்கள் தொடர்புக்கு என்று தனியாக ஒரு அதிகாரி, ஒரு பட்ஜெட் எல்லாம் பெரிய நகரங்களில் உண்டு. இங்கே அந்தப் பட்டியல்தான், ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியது. செத்துப்போனவர்களின் பெயரைக் கோடு போட்டு அடித்திருப்பார்கள்.

அதே டெபுடியை அந்த வருட அறுவடைக் காலத்தில் வேறொரு கோலத்தில் பார்த்தேன். 2018இல் தொடங்கிய சீன வரித் தகராறில் சோயா விலை விழுந்து இன்னும் எழவில்லை. 2019 வசந்தத்தில் மழையும் வெள்ளமுமாக விதைப்பே தள்ளிப்போனது. முப்பதைத் தாண்டாத ஒரு விவசாயி, சாகப் போகிறேன் என்று தங்கைக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டார். கொட்டகைக்குப் பின்னால் பிக்கப்பில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்து எமர்ஜென்சிக்குக் கூட்டிவந்தவர் இந்த நெட்டையர். அயோவாவில் அரசு மனநல மருத்துவமனைகள் நான்கு இருந்தன. மவுன்ட் பிளசன்ட், கிளாரிண்டா இரண்டையும் 2015இல் மூடிவிட்டார்கள். மிச்சம் செரோக்கி, இண்டிபெண்டன்ஸ். தனியார் படுக்கைகளும் நிரம்பிக் கிடக்கும். ஆகவே எங்கள் செவிலியர் ஊர் ஊராகப் போன் போடுவார்கள், நோயாளி ஜன்னல் இல்லாத அறையில் கிடப்பார், வாசலில் ஒரு டெபுடி காவல் இருப்பார். அந்த ராத்திரி முழுக்க இதுதான்.

வாசலில் நிற்க வேண்டியவர் உள்ளே போய், சக்கரம் வைத்த என் குட்டை ஸ்டூலில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்துகொண்டார். நகரும்போதெல்லாம் இடுப்பு பெல்ட்டின் தோல் கிறீச்சிட்டது. இருவரும் ஒரே பள்ளியின் மல்யுத்த அணியில் இருந்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அயோவாவில் மல்யுத்தம் என்றால் நம்மூர்க் கபடிக்கும் மேலே. பள்ளி நாட்களில் பக்கத்து ஊரோடு நடந்த ஒரு போட்டியைப் பற்றி இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். யார் யாரை எந்தப் பிடியில் கவிழ்த்தான், நடுவர் ஏமாற்றினாரா இல்லையா. சாவைப் பற்றி டெபுடி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதுவும் விடிகிற நேரத்தில்: "வீட்ல எத்தன துப்பாக்கி இருக்கு?" ஏழு.

ஆபத்தில் இருப்பவரின் துப்பாக்கிகளைக் கோர்ட் உத்தரவு வாங்கித் தற்காலிகமாக எடுத்து வைக்கும் சட்டம் சில மாநிலங்களில் உண்டு. அயோவாவில் இல்லை. டெபுடி பணி முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய் அப்பாவோடு சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். சாயங்காலத்துக்குள் ஏழும் மைத்துனர் வீட்டு இரும்புப் பெட்டிக்குப் போய்விட்டன. மதியத்துக்கு மேல் மாநிலத்தின் மறுகோடியில் ஒரு படுக்கை கிடைத்தது, நான்கு மணி நேரப் பயணம். இன்னொரு டெபுடி ஓட்டிக்கொண்டு போனார். அன்று கவுண்டியில் ஒரு ஆள் குறைவு. பத்திரிகைக் குறிப்பில் ‘மருத்துவ உதவி’ என்று இரண்டே சொல். அடுத்த வசந்தத்தில் அந்த விவசாயி விதைத்தார்.

கைகுலுக்கல், ஊர்வலத்தில் ரோந்து வண்டியிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவது, ஜூலைக் கண்காட்சியில் ஷெரிஃபைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் உட்காரவைத்துப் பந்தெறிந்து விழத்தட்டுவது, ‘போலீஸோடு ஒரு காப்பி’, கிறிஸ்துமஸுக்கு முன் ஏழைப் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போவது, எல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. நல்ல காரியங்கள்தான். ஆனால் காப்பி குடிக்க வருபவர்கள் ஏற்கெனவே ஷெரிஃபோடு காப்பி குடிப்பவர்களாகவே இருந்தார்கள். அந்த விவசாயியைக் காப்பாற்றியது இருபது வருடப் பழக்கம், அதை ஒரு மேசை போட்டு, விரிப்பு விரித்து ஏற்பாடு செய்ய முடியாது.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. ஒரு ஞாயிறு இரவு, மேல் கையில் நான்கு விரல் பதிந்த கன்றலோடு ஒரு பெண் வந்தார். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார். துப்பாக்கிக் குண்டு, கத்திக்குத்து என்று பலத்த காயமாக இருந்தால் நான் தெரிவித்தே ஆகவேண்டும். கன்றலுக்கு அவர் சம்மதம் வேண்டும். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டபோது, சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "இன்னிக்கு டியூட்டில யாரு?" என்றார். நெட்டை டெபுடியின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார். அவர் கணவரும் அந்த டெபுடியும் நவம்பரில் சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள். "அவர் நல்லவர்தான் டாக்டர். அதுதான் பிரச்சினை." வேறு கவுண்டியிலிருந்த பெண்கள் காப்பகத்தின் எண்ணை ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். அதைக் காலணிக்குள் வைத்துக்கொண்டார்.

கைதானவர்களை ஜெயிலில் அடைக்கும் முன், குடிபோதையோ காயமோ இருந்தால், எங்களிடம் கூட்டிவருவார்கள். ‘ஜெயிலுக்குத் தகுதி’ என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் இயந்திரம்போலச் செய்து வந்தேன். 2020 ஜூனில், மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ் பிடியில் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சாத்தான்குளம் செய்தி வந்தது. ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்தார்கள் என்று போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போகப்பட்டு அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தது கோவில்பட்டி அரசு மருத்துவமனையில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். சிறைக்கு அனுப்பலாம் என்று அவர்களுக்கும் மருத்துவச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது. சிபிஐ பிறகு போலீஸார்மேல் கொலைக் குற்றம் சாட்டியது. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப், மக்களையும் போலீஸையும் நெருக்கமாக்க என்று தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைச் சேர்ந்தவர்கள்மேலும் இந்த விவகாரத்தில் புகார் எழ, ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. நெருக்கம் என்கிற பேரில் ஊர்க்காரனும் சேர்ந்து அடிப்பான் என்றால் அந்த நெருக்கம் யாருக்கு?

அதற்கடுத்த வாரம் ஒரு கைதியோடு நெட்டையர் வந்தபோது, திரைக்கு வெளியே போய் நில்லுங்கள் என்றேன். "என் பொறுப்புல இருக்கிற ஆள், டாக்," என்றார். "என் நோயாளியும்தான்." ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். திரைக்கு அடியில் அவர் பூட்ஸ் தெரிந்துகொண்டே இருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு முழுவதையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் அதுவே நடைமுறை ஆயிற்று. டெபுடிகள் முணுமுணுத்தார்கள், பழகிக்கொண்டார்கள்.

மாட்டைப் பற்றியும் மல்யுத்தத்தைப் பற்றியும் இவ்வளவு எழுதியாயிற்று. பன்றி வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுதவில்லை. ஊரும் அப்படித்தான், அவர்களைக் கடைசியில்தான் நினைக்கும். குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள், ஊர் எல்லையில் டிரெய்லர் வீடுகளில் இருப்பார்கள். வாரக் குறிப்பில் அவர்கள் பெயர் வந்தால் அது பெரும்பாலும் ‘லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது’. ஆவணம் இல்லாதவர்களுக்கு அயோவா லைசென்ஸ் தராது, பஸ் கிடையாது, ஆலை ஐந்து மைல். விரல் துண்டான ஒருவரை ஆம்புலன்ஸ் கூப்பிடாமல் கூட்டாளிகளே காரில் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் கூடவே டெபுடியும் வருவார் என்ற பயம். வேறு வேலையாக வாசலில் நின்ற ரோந்து வண்டியைப் பார்த்துவிட்டு, அது தனக்காகவா என்று ரத்தம் சொட்டக் கேட்டார்.

2008 மே மாதம் போஸ்ட்வில் இறைச்சி ஆலையில் குடியேற்றத் துறை நடத்திய சோதனையில் ஒரே நாளில் 389 பேர் கைதானதை அந்த மாநிலத்தில் யாரும் மறக்கவில்லை. 2018 ஏப்ரலில் வந்த மாநிலச் சட்டம், குடியேற்றத் துறை கேட்டால் கைதியைப் பிடித்துவைத்துத் தர வேண்டும் என்று எல்லா ஷெரிஃப்களையும் கட்டிப்போட்டது. அந்த அக்டோபரில் ஸ்பானிஷ் பூசை நடக்கும் கத்தோலிக்க சர்ச்சின் அடித்தளத்தில் ஷெரிஃப் ஒரு கூட்டம் போட்டார். ஃப்ளூ தடுப்பூசி போட நானும் போயிருந்தேன். ஷெரிஃப் அறுபதை நெருங்கியவர், சீருடையில்லாமல் கட்டம்போட்ட சட்டையில் வந்திருந்தார். நாற்பது பேர் இருக்கலாம், எல்லோரும் கதவுக்குப் பக்கத்து நாற்காலிகளில். பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பெண் மொழிபெயர்த்தார். திருடு போனால் சொல்லுங்கள், அடி வாங்கினால் சொல்லுங்கள், நான் பேப்பர் கேட்க மாட்டேன் என்றார் ஷெரிஃப். தலைகள் ஆடின. அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்து கேட்டார்: லைசென்ஸ் இல்லாமல் என்னை நிறுத்தினால் என்ன ஆகும்?

ஷெரிஃப் பொய் சொல்லவில்லை. "முதல் தடவைன்னா பெரும்பாலும் அபராதச் சீட்டு. ஜெயிலுக்குக் கொண்டுபோற மாதிரி ஆச்சுன்னா விரல்ரேகை எடுப்போம். ரேகை வாஷிங்டனுக்குப் போகும். அவங்க உங்களைக் கேட்டா, நான் வச்சிருந்து கொடுத்துதான் ஆகணும். எனக்கு வேற வழி இல்ல." அந்தப் பெண் ஒரு சொல் குறைக்காமல் அதை மொழிபெயர்த்தார். கொஞ்ச நேரம் காப்பிக் கெட்டில் மட்டும் கொதித்தது. பிறகு ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் தடுப்பூசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. ஷெரிஃபின் நேர்மைமேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. அந்த நேர்மைதான் கூட்டத்தைக் கலைத்தது என்பதும் உண்மை.

சட்டத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை, 2020இல் ஒரு காரியம் பார்த்ததால். வாட்டர்லூவில் டைசன் பன்றி இறைச்சி ஆலையில் கொரோனா பரவியபோது, பிளாக் ஹாக் கவுண்டி ஷெரிஃப் டோனி தாம்ப்சன் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டு, மூடுங்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது. ஆயிரம் தொழிலாளர்களுக்கு மேல் தொற்று உறுதியானது. ஓட்டு இல்லாதவர்களும் ஏராளமாக இருந்த அந்தக் கூட்டத்துக்காக ஒரு ஷெரிஃப் வாய் திறந்தார். கேட்க வேண்டும் என்று நினைத்தால் கேட்க முடியும்.

எனக்கும் ஓட்டு இல்லை. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று கடவுளுக்கே தெரியாது. கட்டுப் பிரிக்க வந்த அந்த விரல்காரர் ஒருநாள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப நீங்களும் நாங்களும் ஒண்ணு, டாக்டர்," என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என் கார் பள்ளத்தில் இறங்கியபோது டெபுடி வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டு, அம்மா சௌக்கியமா, மறுபடி எப்போது வருகிறார்கள் என்று கேட்டார்.

2024இல் பழைய ஷெரிஃப் ஓய்வு பெற்றார். நெட்டை டெபுடியும், கெடுபிடியாக நடப்பேன் என்று முழங்கிய வெளியூர் போலீஸ்காரர் ஒருவரும் போட்டியிட்டார்கள். எங்கள் பக்கம் குடியரசுக் கட்சியின் ஜூன் முதற்கட்டத் தேர்தலிலேயே முடிவு தெரிந்துவிடும், நவம்பர் வெறும் சடங்கு. உயர்நிலைப் பள்ளி ஜிம்மில் விவாதம் வைத்தார்கள். கேள்விகளில் பாதி புது ஜெயில் கட்டுவது பற்றி. கடன் வாங்க 60 சதவீத ஓட்டு வேண்டும், முந்தைய முறை அது கிடைக்கவில்லை. மிச்சப் பாதி துப்பாக்கி, போதைமருந்து, காற்றாலை. ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சர்ச்சில் மொழிபெயர்த்த பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று நடுவர் கூட்டத்தை முடித்தார்.

அந்தப் பெண் விடவில்லை. பிஸ்கட் மேசைக்கு முன்னால் நின்ற நெட்டையரிடம் நேரே போனார். சர்ச்சுக்கு வருவீர்களா? வருவேன், தேர்தல் முடியட்டும். தேர்தலுக்கு முன்னால் வாருங்கள், எங்களிடம் ஓட்டு இல்லை என்று தெரிந்தே வந்ததாக இருக்கட்டும். நெட்டையரின் காது சிவந்துவிட்டது. போனை எடுத்துத் தேதி பார்த்தார்.

அந்தத் தேதிக்குள் நான் டி மாயினுக்கு மாறியிருந்தேன். அந்தப் பெண்தான் போனில் சொன்னார். நெட்டையர் வந்தார், சீருடையிலேயே வந்தார், டோனட் பெட்டி இரண்டு வாங்கி வந்தார். லைசென்ஸ் கேள்விக்குப் பழைய ஷெரிஃப் சொன்ன பதிலையே சொன்னார். 911 அறையில் ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரை வேலைக்கு எடுக்க முயல்வதாகவும் சொன்னார். சம்பளத்துக்குக் கவுண்டி போர்டு சம்மதிக்க வேண்டும். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர்.